ஒரே இழுப்பில் ஒரு ஸ்வரம்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

ஒலிப்பதிவு முடிஞ்சதும் யார்கிட்டயும் சொல்லிக்காம கிளம்பிட்டே. வீடு போய்ச் சேர்ந்ததையாவது சொல்லியிருக்கலாம்.

உங்க நால்வர் குழுவோட மூணு புதுப் படைப்புல முதல் ரெண்டும் அருமையா வந்திருக்கு. மூணாவதுதான் இடிக்குது. கடைசியில மத்த மூணு பேரும் நிறுத்தினப்புறம் உன் செல்லோ மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சு நிக்கணுமே, அங்கே வில் நடுங்குறது அப்படியே பதிவாயிருக்கு. நாள் பூரா வெட்டி ஒட்டிப் பார்த்துட்டேன், சரிவரல. முதல் வயலின்காரர், "வேற ஆளை வெச்சுப் பார்க்கலாமா?"ன்னு கேட்டார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டேன்.

கை நடுக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்?

உன் தம்பி

மார்ச் 9

வாலு,

சாப்பிடாமக் கொள்ளாம வேலை பார்க்காதே. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: நடுக்கம் போகாது, மெதுவா கூடும். மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருது. கட்டின புருஷன், உன் மாமாகிட்டயே பாதிதான் சொன்னேன்.

அந்த மூணாவதை எழுதினவங்க என் சமையலறையில உட்கார்ந்து, "வில்லோட ஒரே இழுப்புல ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பே?"ன்னு கேட்டுக் கேட்டு எழுதினாங்க. எனக்குன்னே எழுதினது. நடுங்கினாலும் பரவாயில்ல, என்னோடதையே வெச்சுக்கச் சொல்லு அவங்ககிட்ட. பதிவு பண்றவன் நீதானே. வேற யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரியல.

அக்கா

மார்ச் 17

அக்கா,

கேட்டேன். கெஞ்சினேன்னே வெச்சுக்கோ. எழுதினவங்க கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு தடவை கேட்டாங்க. "மனசை என்னமோ பண்ணுது. ஆனா நான் எழுதினது இது இல்லப்பா"ன்னாங்க.

நேத்து வேற ஒருத்தர் வந்து வாசிச்சார். அவருக்கு மைக்கை நகர்த்தி வெச்சது நான்தான். எழுந்து போயிருக்கணும், போகல. நல்லாவே வாசிச்சார். அதை உன்கிட்ட மறைக்க எனக்கு வரல.

ஃபோனை எடு அக்கா.

தம்பி

ஜூன் 2

வாலு,

இசைத்தட்டு வந்து சேர்ந்தது. உன்மேல கோபமில்ல. பேசினா அழுதுடுவேன், அதான் ஃபோனை எடுக்கல.

சாப்பிட்டு முடிச்சதும் மாமாவே போட்டார். உறையில இருக்கற பேரெல்லாம் அவர் படிக்கறதில்ல. மூணாவது முடியற இடம் வந்தது. அந்த ஸ்வரம் கம்பி மாதிரி நேரா நின்னுது. மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பாரு, வீணா பயந்தியே. துளி நடுக்கம் தெரியல"ன்னார்.

நான் ஆமான்னேன்.

அக்கா