கலாவுக்கு மட்டும் கிரீம்

சுகர் லேண்ட், டெக்சஸ்
பிப்ரவரி 9, 2025

அன்பும் கொஞ்சம் கோபமும் கலந்து ஸ்ம்ருதிக்கு எழுதுவது,

கோபம் எதற்கு என்றால், நீ சான் ரமோனுக்குக் குடிபோய் ஆறு மாதமாகியும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை ஃபோன் கிடையாது என்பது நம் அம்மாக்கள் சேர்ந்து எடுத்த முடிவு. தமிழில்தான் எழுதிக்கொள்வது என்பது நாம் எடுத்த முடிவு. உன் தம்பி ஆர்யனுக்குத் தமிழ் படிக்க வராது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தாலும், முடிவு முடிவுதான். மரியாதையாக இரண்டு பக்கம் எழுது.

செய்தி இதுதான். என் பெரியப்பாவுக்கு அறுபது வயது ஆகிறது. அதைக் கொண்டாட, ஸ்பிரிங் பிரேக்கில் குடும்பத்தோடு கப்பலில் போகிறோம். கால்வெஸ்டனில் ஏறி, மெக்சிகோவில் ஒரு தீவைப் பார்த்துவிட்டு, நாலே ராத்திரியில் திரும்பி வருகிறோம். மொத்தம் பதினான்கு பேர். அதில் ஒரு ராத்திரி மட்டும் சாப்பாட்டு அறைக்கு ஜோராக உடுத்திக்கொண்டு போக வேண்டுமாம். கப்பலின் விதிமுறைகள் முழுவதையும் படித்துவிட்டேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு நீள கவுன் அல்லது அவரவர் நாட்டு விழா உடை. தொப்பி, நீச்சலுடை, ரப்பர் செருப்பு கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் பெரியம்மாவுக்குத் தனி விதிமுறை உண்டு. நேற்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அம்மா சமைத்துக்கொண்டிருந்ததால் நான்தான் அம்மாவின் ஃபோனில் வாசித்துக் காட்டினேன். அப்படியே தருகிறேன்:

“ஃபார்மல் நைட் டின்னருக்கு லேடீஸ் எல்லாரும் மெரூன் பட்டு. ஜென்ட்ஸ் மெரூன் டை. கேர்ள்ஸ் மெரூன் பாவாடை தாவணி. கலாவுக்கு மட்டும் கிரீம், நானே எடுத்து வெச்சிருக்கேன். கலா, அயர்ன் பாக்ஸ் நீ கொண்டு வந்துரு கண்ணு, எல்லார் பட்டும் தேய்க்கணும்.”

கீழே ஒரு பூங்கொத்துப் படம்.

‘கலாவுக்கு மட்டும்’ என்று நான் வாசித்தபோது அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. “சரின்னு போட்டுரு கண்ணு” என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா போன இந்த மூன்று வருடத்தில் அவளுக்குப் பரிசாக வந்ததெல்லாம் கிரீம், சாம்பல், வெளுத்த நீலம். யாரும் வாயைத் திறந்து ‘நீ கலர் கட்டக் கூடாது’ என்று சொன்னதில்லை. எடுத்துக் கொடுத்தே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி லேபில் பதினோரு பேர் அம்மா சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று போனால் அதே அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாருடைய கைப்பைகளையும் பார்த்துக்கொள்கிறாள்.

பெரியம்மா கெட்டவர் இல்லை ஸ்ம்ருதி. அப்பா இறந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டிலேயே தங்கி எனக்கு லஞ்ச் கட்டிக் கொடுத்தவர். கெட்டவராக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிடலாம்.

அம்மாவை மெரூன் கட்ட வைக்க வேண்டும். எப்படி என்று யோசித்து எழுது.

உன் மாறாத,
ஓவியா

—

சான் ரமோன், கலிஃபோர்னியா
பிப்ரவரி 16, 2025

ஓவிக்கு,

இரண்டு பக்கம் கேட்டாய், எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். திருப்தியா?

முதலில் சிரித்து முடிக்கிறேன். பாவாடை தாவணியில் நீயா? நடக்கும்போதே புத்தகம் படித்துக் கம்பத்தில் மோதுகிறவள், பாவாடையும் சேர்ந்தால் நேராகக் கடலில்தான் விழுவாய்.

இப்போது சீரியஸ். உன் கடிதத்தை அம்மாவிடம் சொன்னேன் (படிக்கக் கொடுக்கவில்லை, சத்தியம்). கேட்டுவிட்டு, “டூ தௌசண்ட் ட்வென்டி ஃபைவ்லயுமா?” என்றாள். அப்புறம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, “எங்க அத்தைக்கும் எல்லாரும் இப்படித்தான் பண்ணா. நாங்க யாரும் ஒண்ணும் கேக்கல” என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரத்தையே திரும்ப எடுத்துத் தேய்த்தாள்.

என் யோசனை ஒன்றுதான், சப்பென்று இருக்கும். உங்கள் அம்மாவிடமே கேள். “மா, நீ என்ன கட்டப் போறே?” என்று கேட்டால் போதும். கேட்டாயா?

அன்புடன்,
ஸ்ம்ருதி

—

சுகர் லேண்ட்
பிப்ரவரி 23, 2025

அருமைத் தோழி ஸ்ம்ருதிக்கு,

கேட்கவில்லை. கேட்டால் “எதுவா இருந்தா என்ன கண்ணு?” என்பாள். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.

அதனால் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். அம்மா அலமாரியின் அடித்தட்டில் அவளுடைய மெரூன் பட்டு இருக்கிறது. அப்பா வாங்கிக் கொடுத்தது, மயில் கழுத்து நிறத்தில் கரை. அதை எடுத்து என் பையில், இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டேன். ரவிக்கையும் எடுத்தாகிவிட்டது. கப்பலில் டின்னருக்குச் சற்று முன்னால், கிரீம் புடவையை நான் ஒளித்துவிடுவேன். அம்மாவுக்கு வேறு வழி இருக்காது. மெரூன்தான்!

பெரியம்மா நேற்று வந்து அந்த கிரீம் புடவையைக் கொடுத்துவிட்டுப் போனார். “உனக்குன்னு தேடித் தேடி எடுத்தேன் கலா. லைட்டா, டீசண்டா, யாரும் ஒரு பேச்சு பேச முடியாது” என்றார். “நல்லா இருக்குதுங்க அக்கா” என்றாள் அம்மா. கூடவே வந்த முகிலன் (பெரியம்மா மகன், பதினேழு வயது, உனக்கு நினைவிருக்கும், நம் தமிழ்ப் பள்ளி நாடகத்தில் வசனம் மறந்து தேசிய கீதம் பாடியவன்) அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாம், திஸ் இஸ் எ கர்ட்டன்” என்றான். பெரியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தத் திரைச்சீலையை மடித்து உள்ளே கொண்டு போனாள்.

என் திட்டம் எப்படி? பாராட்டி எழுது.

வெற்றியை எதிர்நோக்கும்,
ஓவியா

—

சான் ரமோன்
மார்ச் 1, 2025

ஓவிக்கு,

பாராட்ட மாட்டேன்.

உன் பெரியம்மா கிரீமை எடுத்துக் கொடுத்து, யாரும் பேச முடியாது என்றார். நீ மெரூனை எடுத்து ஒளித்துவைத்து, வேறு வழி இருக்காது என்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. உனக்கு நல்ல மனசு. அவருக்கும் நல்ல மனசுதான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நீ நிறையப் படிக்கிறாய், அதனால் எல்லாரையும் கதைக்குள் வரும் ஆட்கள் என்று நினைத்துவிடுகிறாய். கலா ஆன்ட்டி உன் கதையில் வருகிறவர் இல்லை.

இதைப் படித்துவிட்டு நீ கோபித்துக்கொள்வாய். பரவாயில்லை, கோபித்துக்கொண்டு எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஸ்ம்ருதி

—

கப்பலில் (கப்பல் மெக்சிகோ தீவுக் கரையில் நிற்கிறது)
மார்ச் 12, 2025

என் ஒரே ஸ்ம்ருதிக்கு,

உனக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். இது மூன்றாவது. எல்லாரும் கரையில் இறங்கிவிட்டார்கள், அம்மாவும் நானும் மட்டும் அறையில் இருக்கிறோம். உட்கார்ந்து படி, இது பெரிய கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டும்போதே என் திட்டம் முடிந்துபோனது. என் பையைச் சரிபார்த்த அம்மா மெரூன் பட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. “புத்தகத்துக்கு நடுவுல வெச்சா ஜரிகை ஒடிஞ்சிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைத் திரும்ப அடித்தட்டில் வைத்தாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். கால்வெஸ்டன் போகும் வழி முழுக்க நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

கப்பலில் ஏறும்போது துறைமுகத்திலேயே பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள், சாயங்காலம் அறை வாசலுக்குத் தானாக வந்துவிடுகிறது. எல்லார் பெட்டியும் வந்தது, அம்மாவுடையது மட்டும் வரவில்லை. மறுநாள் காலை கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. உங்கள் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறது, கீழ்த்தளத்துக்கு வந்து திறந்து காட்டவும்.

ஸ்ம்ருதி, அயர்ன் பாக்ஸ்! தீப்பிடிக்கும் என்று கப்பலில் அதைத் தடை செய்திருக்கிறார்களாம். விதிமுறைகள் முழுவதையும் படித்துவிட்டேன் என்று உன்னிடம் பெருமை பேசினேனே, நான் படித்தது உடுத்துவதைப் பற்றிய பக்கம் மட்டும்தான்.

கீழே போனால், எங்களைப் போலவே திருதிருவென்று விழித்துக்கொண்டு ஒரு வரிசை நின்றது. முன்னால் நின்ற மாமி ரைஸ் குக்கருடன் மாட்டியிருந்தார். “இது சும்மா ரசம் சாதத்துக்குத்தான்” என்று அதிகாரியிடம் தமிழிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

எங்கள் முறை வந்தது. நீல உடுப்பு போட்ட ஓர் அம்மையார் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே கிரீம் புடவை. அதை ஓரமாக வைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை எடுத்தார். அது ஒரு துண்டில் சுற்றியிருந்தது. அதை எடுத்த இடத்தில், பெட்டியின் அடியில், ஒரு மஞ்சள்.

அப்படி ஒரு மஞ்சளை நான் எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. அரைத்த பச்சை மஞ்சளின் நிறம், நாவல்பழக் கரை. புத்தம் புதுப் புடவை, ரவிக்கையும் தைத்திருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மையார் மஞ்சளைப் புறங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். “ப்யூட்டிஃபுல். ஃபார் டுநைட்?” என்றார். அவருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மாதான் கேட்டார். அம்மா கையை நீட்டிக் கரையின் ஓரத்தை நேராக்கினாள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அம்மா, “யெஸ்” என்றாள். அவர் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தது போல, இன்னும் கொஞ்சம் சத்தமாக, “யெஸ். டுநைட்” என்றாள்.

லிஃப்டில் கேட்டேன். “எப்பம்மா வாங்கினே?”

“தீபாவளிக்கு முன்னால. ஹில்கிராஃப்ட் கடைத்தெருவுல நீ பானிபூரிக்கு நின்னுட்டு இருந்தியே, அப்ப.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ அன்னைக்கே கட்டுன்னு உயிரை எடுப்பே. அக்கா சொல்லி ஒண்ணக் கட்டறது, நீ சொல்லி இன்னொண்ணக் கட்டறது. எனக்கா எப்பத் தோணுதோ அப்பக் கட்டலாம்னு வெச்சிருந்தேன்.” பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “ரெண்டையும்தான் எடுத்து வெச்சேன். எதைக் கட்டுவேன்னு இப்ப வரைக்கும் தெரியல.”

நீ எழுதியதைத்தான் அம்மா வேறு வார்த்தையில் சொன்னாள். அங்கேயே உன்னை நினைத்துக்கொண்டேன், கோபம் போய்விட்டது.

இனி டின்னர். அயர்ன் பாக்ஸ் போனதால் பெரியம்மா வீட்டு மெரூன் பட்டெல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. “மாம், யூ லுக் லைக் எ ரோட் மேப்” என்று முகிலன் சொல்லி, பெரியம்மா ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார். சாப்பாட்டு அறைக்கு முன்னால் ஒரு பெரிய வளைந்த படிக்கட்டு. அங்கேதான் எல்லாரும் கூடினார்கள். நானும் அம்மாவும் கடைசியில் வந்தோம்.

எல்லாரும் திரும்பி அம்மாவின் மஞ்சளைப் பார்த்தார்கள்.

“கலா,” என்றார் பெரியம்மா. “கிரீம் எங்கே?”

“பெட்டியிலதான் இருக்குதுங்க அக்கா.”

“பெட்டி வந்துருச்சுல்ல? அப்புறம்?”

“இதைக் கட்டோணும்னு தோணுச்சுங்க. கட்டிட்டேன்.”

அம்மா குரல் நடுங்கவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தார். அதற்குள் முகிலன், “சித்தி! செம!” என்று கத்தினான். அதே நேரத்தில் கப்பலின் புகைப்படக்காரர் ஓடி வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட, அவசரமான சின்ன மனிதர். எங்களைப் படியில் நிற்க வைத்து, கேமராவில் பார்த்து, தலையை ஆட்டினார். எல்லாரும் மெரூன். யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஓரத்தில் ஒதுங்கி, எல்லாருடைய கைப்பைகளையும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டுபிடித்தார்.

“யூ! லேடி இன் யெல்லோ! சென்டர், ப்ளீஸ்!”

அம்மா நகரவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள், விழா அவருடையதாயிற்றே. பெரியப்பா அம்மாவிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. “வாம்மா கலா, அவரு சொல்றாருல்ல?” என்று ஒரு படி தள்ளி நின்று இடம் விட்டார்.

அம்மா நடுவில் போய் நின்றாள்.

புகைப்படக்காரர் கையைத் தூக்கினார். அப்போது பெரியம்மா, “ஒன் மினிட்” என்று வரிசையை விட்டு வெளியே வந்தார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். நேராக அம்மாவுக்கு முன்னால் வந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கி, கீழே உட்கார்ந்தார்.

“அசையாதே. கொசுவம் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது” என்றார். ஒவ்வொரு மடிப்பாக நீவி இழுத்துவிட்டார். நிமிராமலேயே, “இத்தனை நாள் எங்கடி வெச்சிருந்தே இதை?” என்று கேட்டார்.

“அலமாரியிலதாங்க.”

“ம். எந்தக் கடை?”

படத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் நேராகப் பார்க்கிறாள். சாப்பிடும்போது பக்கத்து மேசையில் இருந்த அமெரிக்கப் பாட்டி எழுந்து வந்து, இன்றைக்கு உங்களுக்குத்தான் பிறந்தநாளா என்று அம்மாவைக் கேட்டார். “இல்லைங்க, அவருக்கு” என்று அம்மா தமிழில் சொல்லி, பெரியப்பாவைக் காட்டி, பிறகு தானே சிரித்துவிட்டாள். மேசை முழுக்கச் சிரித்தது. பெரியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. அது வெறும் சிரிப்புத்தானா என்று நான் உற்றுப் பார்த்தேன், தெரியவில்லை.

இதில் நான் செய்தது ஒன்றுமே இல்லை ஸ்ம்ருதி. அதை நினைத்தால் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று நீதான் எழுத வேண்டும், மூன்று பக்கத்துக்குக் குறையாமல்.

இன்னும் எழுதுவேன். ஆனால் அம்மா குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இப்போதுதான் கேட்டாள்:

“ஓவியா, இன்னைக்கு ராத்திரி டின்னருக்கு என்ன ரூலு?”

“ஒண்ணும் இல்லம்மா. இன்னைக்கு கேஷுவல்.”

“எது வேணா உடுத்தலாமா?”

“எது வேணா.”

“அப்படின்னா எனக்கு நேரமாகும்” என்கிறாள். நான் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்திருக்கச் சொல்கிறாள், துணிகளைப் பரப்பிப் பார்க்க இடம் வேண்டுமாம்.

எழுந்துவிட்டேன்.

உன் ஓவியா