பின்பக்கம் எழுதிய ‘வ’

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கார் மறுபடியும் நம் கடைக்கு வந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டி. கதவைத் திறந்ததும் சூடான ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனைக்கு நீதான் முதலில் மூக்கைப் பொத்துவாய். பழக்கத்தில் உன் முக்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது.

டிரைவர் சீட்டின் முதுகில், சந்தன நிற ரெக்சினில், நீலமாக ஒரு கறை. வண்டிக்காரர் பெட்ரோல் போட்டுக்கூடத் துடைத்திருக்கிறார். போகவில்லை. குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்த ஒரு ‘வ’.

கடை முதலாளி அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். “போனவ கையெழுத்து இன்னும் ஏறிக்கிட்டு வருது பாரு” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அது உன் கையெழுத்து இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நீ.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு நான் இந்த சீட் கவர் கடைக்கு வந்தபோது, ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நீதான் பேசினாய். என்னைவிட மூன்று வயது பெரியவள். அக்கா என்று கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும். “என்ன கெழவியாக்காதட்டி” என்பாய். காலையில் வீரவநல்லூரில் ஏறி உனக்கு இடம் பிடித்து வருவேன், சேரன்மகாதேவியில் நீ ஏறுவாய். சாயங்காலம் பஸ் நிலையத்தில், “கண்ணு மங்குதுட்டி, போர்ட வாசி” என்பாய். பதினெட்டு வயதில் என்ன கண் மங்கல் என்று கேட்க எனக்குப் பல மாதம் ஆனது. கேட்டபோது நீ சிரித்துவிட்டு, “மூணாங்கிளாஸோட மங்கிட்டு. வெளிய சொல்லிராத, மூதி” என்றாய். நான் சொல்லவில்லை.

எழுதத் தெரியாத உன் கைதான் கடையிலேயே சுத்தமாகக் குறி போட்டது. கறுப்பு ரெக்சினுக்குத் தேய்ந்துபோன சோப்புத் துண்டு. தோலுக்கு வெள்ளி நிற மைப் பேனா. அதையும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் இழுத்து, ஈரத்துணியால் துடைத்து, போகிறதா என்று பார்த்த பிறகுதான். வெளிர் நிறம் என்றால் காகித டேப்பை ஒட்டி அதன்மேல் பென்சில். ஊசியால் குத்திக் குறிக்க நீ விடமாட்டாய், தோலில் விழுந்த ஓட்டை மூடாது என்பாய். இடது, வலது தெரிய ஓரத்தில் கத்திரியால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. தையலுக்குள் போய்விடும். “குறி நமக்குத்தாம்ட்டி. வேல முடிஞ்சா அது இருந்த எடம் தெரியக் கூடாது.”

எனக்கு ஒரு வெட்டா இரண்டு வெட்டா என்று எப்போதும் குழம்பும். அந்தக் காருக்கு நீ வெட்டிக் கொடுத்த துண்டுகளில், வலதுபக்கத் துண்டு இரண்டின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் ‘வ’ என்று எழுதிக்கொண்டேன். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தைத்து மாட்டிய பிறகுதான் உன்னிடம் சொன்னேன். உன் முகம் மாறியது.

“பேனா மைய ரெக்சின் குடிச்சிரும்ட்டி. வெயில் பட்டா முன்னால ஏறி வரும். அண்ணாச்சிட்ட இப்பவே சொல்லு, பிரிச்சிருவோம்.”

வண்டி அன்று சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணாச்சி அவசரத்தில் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இரண்டு முறை போய் நின்றேன். வாய் வரவில்லை. வண்டி போய்விட்டது.

போன வருஷம் சித்திரை வெயிலில் முதல் எழுத்து ஏறியது, சீட்டில் உட்காரும் பகுதியில். வண்டிக்காரர் கடை முன்னால் நின்று கத்தினார். “பேனாவத் தொட்டது யாரு?” என்று அண்ணாச்சி கேட்டார். வேலை போனால் கல்யாணம் என்று என் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அது உனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள், “நாந்தான் அண்ணாச்சி எழுதுனேன்” என்றாய். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார். முதுகுத் துண்டிலும் ஒன்று இருக்கிறது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. பிரித்துப்போட்ட ரெக்சினை நீ மடித்துப் பைக்குள் வைத்தாய். என் தப்பை மறைக்கத்தான் என்று நினைத்தேன்.

நீ தூத்துக்குடியில் ஒரு கடையில் சேர்ந்து அங்கேயே தங்கினாய். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. நம் கடையிலேயே இருந்திருந்தால் முதல் நாளே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். இதை எத்தனை முறை நினைத்தேன் என்று எனக்கே தெரியாது.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். “அது நான் எழுதுனது, அண்ணாச்சி.” குரல் எழும்பவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கத்திரியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தப் பிள்ளையோட அம்மாட்ட போய்ச் சொல்லு. மவ தப்புப் பண்ணிட்டான்னுல்லா நெனச்சிட்டு இருப்பாவ” என்றார். கழற்றிய முதுகுத் துண்டை என் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சேரன்மகாதேவியில் இறங்கினேன். உன் அம்மா மடியில் பீடித்தட்டோடு இலை வெட்டிக்கொண்டிருந்தார். “வாட்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ” என்றார்.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லலாம், இரி. மொதல்ல ஒனக்கு ஒண்ணு காட்டுதேன்.”

பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய அந்த ரெக்சினை எடுத்தார்.

“எம் மவ எழுதுனது. நாந்தான் அவள மூணாங்கிளாஸோட நிறுத்துனேன், தம்பியப் பாத்துக்கிட ஆளில்லன்னு. படிச்சதும் மறந்து ஒரு எழுத்துகூடத் தெரியாமப் பண்ணிட்டேனேன்னு நெஞ்சு அறுத்துக்கிட்டே கெடந்துச்சு. வேல போன அன்னைக்கு அழுதுக்கிட்டு வருவான்னு பாத்தா சிரிச்சிக்கிட்டு வாரா. ‘எழுதுனதுக்குத்தாம்மா நிப்பாட்டிட்டாவ’ங்கா. எனக்குத் தெரியாமப் படிச்சிருக்கா பாரு.”

என் பைக்குள் மற்ற துண்டு இருந்தது. நான் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

“இது என்ன எழுத்துட்டி?”

“வ.”

“வ-ன்னா?”

“வலதுன்னு அர்த்தம், அத்தை.”

அவர் அந்தத் திரும்பிய எழுத்தின் மேல் விரலை வைத்து, மெதுவாக, கடைசிவரை ஓட்டினார். அது திரும்பி இருப்பது அவருக்குத் தெரியாது.

“நல்லா எழுதிருக்காளா?”

நான் சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டேன். இந்த முறை பயத்தால் இல்லை. “நல்லா எழுதிருக்கா, அத்தை” என்றேன்.

மறுநாள் அண்ணாச்சி, “சொன்னியா?” என்று கேட்டார். போனேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது உன் அம்மா வாசல்வரை வந்தார். “அவ வேற என்னெல்லாம் எழுதுவா? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா. அடுத்த வெள்ளிக்கெழம வந்து சொல்லு” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது துண்டு என் பையிலேயே இருக்கிறது. கொண்டுபோனால் அதையும் நீ எழுதியது என்று அதே துணியில் சுற்றி வைத்துக்கொள்வார். கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்கு என்ன சொல்வது? இரண்டு நாளாக ரெக்சின் வெட்டும்போதும் பஸ்ஸில் வரும்போதும் அதுதான் ஓடுகிறது. தெரிந்திருந்தால் நீ என்னவெல்லாம் எழுதியிருப்பாய்?