விலாங்கு படுத்திருக்கும் கரை

மார்ச் 5, செவ்வாய்

மழை விடவில்லை. பாலர் பள்ளியில் பதினாறு பிள்ளைகளும் ஒரே அறையில், ஒருவர் முடி இன்னொருவர் கையில். வேறு வழி தெரியாமல் ஆற்று வளைவில் படுத்திருந்து, இறங்கும் பிள்ளைகளை இழுக்கும் விலாங்கின் கதையை எடுத்துவிட்டேன். என் கணவர் டேரன் வீட்டில் மீன் வறுக்கும்போது யாராவது சொல்வார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அரைகுறையாகக் காதில் வாங்கியது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 6, புதன்

காலையிலேயே நாத்தனார் ஷார்லினிடமிருந்து போன். டேரனின் அக்கா.

"யாரக் கேட்டு சொன்ன? கடையில ஒரு குட்டி எங்கிட்டயே அந்தக் கதையச் சொல்லுது. லொரெல் டீச்சர் சொன்னாங்களாம்."

"நல்லதுக்குத்தானே அண்ணி..."

"நீ மேற்கேயிருந்து வந்தவ, வேற குடி. அது உன் மண்ணோட கதையா? உங்க ஊர்க் கதைய நான் எங்கயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கேனா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. எங்கள் செம்மண் நாட்டுக் கதையை அவள் இப்படிச் சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். பன்னிரண்டு வருடம் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்ததில் எனக்கு எப்படி மறந்தது?

அதோடு விடவில்லை. "எந்தக் கரைன்னு சொன்ன?"

"வேலமரக் கரை."

"அங்க முழங்கால் தண்ணிதான். விலாங்கு கெடக்கிறது எதிர்க்கரையில, பள்ளம் இருக்கிற பக்கம். இப்ப பதினாறு பிள்ளைங்களும் பள்ளத்துல எறங்கினா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டு இருக்கு."



மார்ச் 7, வியாழன்

புதன்தோறும் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போவது நின்றுபோனது. அது ஷார்லின் குடும்பத்து மண். இது தீரும்வரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளித் தலைவி பிரிட்ஜெட் சிட்னியிலிருந்து வந்த வெள்ளைக்காரி. அவளுக்கு விளங்கவில்லை. "நீயும் பழங்குடிதானே லொரெல்? இன்னொரு தடவ நீயே சரியாச் சொல்லிடேன்."

சரியான கதையும் என்னுடையது இல்லையே. ஒரு தப்பை அதே தப்பைச் செய்து திருத்தச் சொல்கிறாள். அவளிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? 

மார்ச் 9, சனி

டேரனிடம் சொன்னேன், அக்காவிடம் பேசுங்கள் என்று. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைய இழுக்காத." தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல ஆம்பளை.

மார்ச் 10, ஞாயிறு

டெலைலா — ஐந்து வயது, என் வகுப்பு — நேற்று எதிர்க்கரையில் இறங்கியிருக்கிறாள். "இங்க விலாங்கு இல்ல, டீச்சர் சொன்னாங்க" என்றாளாம். அவள் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இடுப்பு வரை நனைந்ததோடு போயிற்று. அவள் அம்மா போனில் சொன்னாள். ஒரு கை தவறியிருந்தால்? கடவுளே, ஒரே ஒரு கை.

நேரே ஷார்லின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாக்கு சொல்ல வந்தியா?"

"இல்ல அண்ணி. கேக்க வந்தேன். நீங்க வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லணும்."

"பன்னெண்டு வருசத்துல இப்பத்தான் கேக்குற."

அழுதுவிட்டேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "புதன்கிழமை வரேன். மொதல்ல நீ பேசணும். எல்லார் முன்னாடியும்."

மார்ச் 12, செவ்வாய்

நாளை. பேச வேண்டியதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

மார்ச் 13, புதன்

ஆற்றங்கரையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். அந்தக் கதை என்னுடையது இல்லை, கேட்காமல் எடுத்தேன், தப்பாகவும் சொன்னேன் என்று.

"அப்ப பொய் சொன்னீங்களா?" — டெலைலா.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"அது பொய்தான்."

"ஆமா. பொய்தான்."

பிரிட்ஜெட் முகம் சிவந்துபோய் நின்றாள். யார் வந்திருக்கிறார்கள் என்று ஆறு அறிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்; ஷார்லின் தண்ணீரைப் பார்த்துத் தன் மொழியில் ஆற்றுக்கு எங்கள் பெயர்களைச் சொன்னாள், ஒவ்வொரு பிள்ளையின் பெயராக. கடைசியில் என் பெயரையும். மேற்கேயிருந்து வந்தவள், நம் வீட்டு மருமகள் என்று. பிறகு கரையைக் கைகாட்டிக் கதையை ஆரம்பித்தாள். நான் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முழுக் கதையையும் கேட்டது இன்றுதான்.

திரும்பும்போது காரில், அந்தப் பதினாறில் ஒருத்தியான என் நாலு வயது மகள் கைரா, "அம்மா, விலாங்குக் கதைய இன்னொரு தடவ சொல்லு" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது.

"உங்க அத்தைகிட்ட கேளு" என்றேன்.