மிதி பம்பு இருக்கும் இடம்

இன்று காலை பிளம்பர் பெள்ளி வீட்டுப் பின்னால் நிற்கும் நம் கேரவனின், அந்தச் சக்கர வீட்டின், தரைப் பலகையை நெம்பி எடுத்தபோது அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. பழைய ரப்பரும் துருவும் ஊறிப்போன டீத்தூளும் கலந்த வாடை. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் குனிந்து அதை இன்னொரு தடவை மூச்சில் இழுத்துக்கொண்டேன். பெண்டாட்டி போனபிறகு இந்த மனுசனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நாளைக்குள் அவன் ஊரான பிக்கட்டி வரைக்கும் செய்தி போய்விடும். போகட்டும். இத்தனை வருசம் ஊர்ச்செய்தியை நான் சுமந்தேன், இனி ஊர் என்னைச் சுமக்கட்டும்.

பெள்ளியைக் கூப்பிட வேண்டி வந்ததே என் காலால்தான். போன வாரம் சாயங்காலம் வழக்கம்போல உள்ளே போய், தண்ணீர் வர மிதிக்கும் அந்தப் பம்பின்மேல் காலை வைத்தேன். பம்பு, பலகை, என் கால் மூன்றும் ஒன்றாகக் கீழே போயின. முழங்கால் வரைக்கும் தரைக்குள் இறங்கி, பாதம் அடியிலிருந்த ஈர மண்ணைத் தொட்டது. ஒரு கால் கேரவனிலும் ஒரு கால் குன்னூரிலுமாக நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு சரோஜாக்கா ஓடிவந்து, "பாத்துங்க தம்பி, மெதுவா, மெதுவா" என்று பூவைப் பறிப்பதுபோல என்னைப் பிடுங்கி எடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீயாக இருந்தால், "ஏனுங்க, இழுக்கறதுக்கு நம்ம காருக்குத் தெம்பில்லைன்னு காலாலயே ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று கேட்டு, சிரித்து முடித்தபிறகுதான் கை கொடுத்திருப்பாய். இப்போதெல்லாம் என்னை யாரும் நக்கலடிப்பதில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒரு மனிதன் முடிந்துபோனதற்கு இதைவிட வேறு அறிகுறி வேண்டுமா?

இந்த வண்டியை முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கொல்லையில் கார் பின்னால் மாட்டி இழுக்கிற இந்தச் சின்ன வீடு பாசி பிடித்துக் கிடந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன. கோழிக்கூண்டுக்கு எதற்குச் சக்கரம் என்று நான் கேட்டேன். மேட்டுப்பாளையம் ஹார்டுவேர் கடைக்காரர் மகள் நீ அதை எங்கே காதில் வாங்கினாய்? இதை மாட்டிக்கொண்டு மலையிறங்கி, கடல் பார்க்கப் போகலாம் என்றாய். டிராக்டர் வைத்து வீட்டுக்கு இழுத்து வந்தோம். நம் காரோ கொண்டை ஊசி வளைவில் தன்னையே இழுக்கச் சிரமப்படுகிற ஜாதி. ஆக, வீட்டுப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியிலேயே வண்டி நின்றுவிட்டது. கடல் வரவில்லை, மழைத்தண்ணீர்தான் சக்கரம் வரைக்கும் வந்தது.

தண்ணீர்க் குழாய் வேலையெல்லாம் நீயே செய்தாய். வெளியே டிரம், உள்ளே சிங்க். காலால் மிதித்தால் தண்ணீர் ஏறும், விட்டால் நிற்கும். எல்லாம் சரி, பம்பை மட்டும் சிங்க்கிலிருந்து தள்ளி, அந்தக் கோடியில் கட்டிலோரமாக வைத்தாய். மிதிப்பவனுக்குத் தண்ணீர் எட்டாது, கழுவுகிறவளுக்கு மிதி எட்டாது. இதென்ன கூத்து என்று கேட்டதற்கு, "சிங்க்குக்கு அடியில இரும்புச் சட்டம் குறுக்க போகுதுங்க, ஆணி எறங்காது" என்றாய். இரும்பைப் பற்றி நான் யார் சந்தேகப்பட? டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒரு டம்ளர் கழுவ ரெண்டு ஆள் வேண்டும், உலகத்திலேயே என் பெண்டாட்டி போட்ட குழாய்க்குத்தான் என்று.

ஆனால் சாயங்காலமானால் போயாக வேண்டுமே. டீக்கடையில் ஒரு கதை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து உன் போன் வரும். ஊரில் எல்லா ஊட்டுக் கதையும் தெரிகிற மனுசனுக்கு இந்த ஊட்டில் தண்ணி வராதது தெரியவில்லையா என்பாய். பாதிக் கதையோடு எழுந்து வருவேன். மீதியை மிதித்துக்கொண்டே உனக்குச் சொல்வேன். அவர் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, இவர் டை கட்டிக்கொண்டு ஆபீசில் கொறட்டை விட்டது. சுவாரசியமான இடம் வந்தால் என் கால் நின்றுவிடும், தண்ணீரும் நிற்கும். "மிதிங்க" என்பாய். அவ்வளவுதான், ஒரே சொல். கழுவ வேண்டியது ரெண்டே டம்ளர். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அது ஏன் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. என் கால்தான் அதிகம் கற்றுக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் கை கழுவ யார் குழாயைத் திறந்தாலும் அது தானாகத் தரையை மிதிக்கும்.

அப்புறம் ஒருநாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினாய். இறங்கினவள் ஏறி வரவில்லை.

அதற்குப்பிறகு அந்தச் சிங்க்கில் நான் எதையும் கழுவியதில்லை. சாயங்காலம் போய் நின்று சும்மா மிதிப்பேன். காலி சிங்க்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கதை ஒன்றும் வாயில் வராது. பலகை உளுத்துப்போனது தெரியாமல் மிதித்த மிதிதான் போன வாரம் என்னை உள்ளே வாங்கிக்கொண்டது.

இன்று பழைய குழாயையெல்லாம் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டு, சிங்க்குக்கு அடியில் குனிந்த பெள்ளி தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

"ஏனுங்ணா, பம்பு முன்னால இங்கதான் இருந்திருக்குது. திருகாணி ஓட்டை நாலும் இருக்குது. இத எதுக்கு அடைச்சுட்டு அங்க கொண்டுபோய் வெச்சாங்க?"

இரும்புச் சட்டம் குறுக்கே போகிறதே என்றேன்.

"சட்டமா? வெறும் பலகைங்ணா. நீங்களே கைய விட்டுப் பாருங்க."

மல்லாந்து படுத்துக் கையை விட்டுத் தடவினேன். மரம். மூலைக்கு ஒன்றாக நாலு ஓட்டைகள், மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தாய். உங்கப்பா கடையில் பழகிய கை. எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லியிருக்கிறாய்! நான் நாலு கடை ஏறி நாலு பேரிடம் கேட்டுத்தான் ஒரு ரகசியத்தைப் பிடுங்குவேன். என் வீட்டு ரகசியம் என் காலடியிலேயே இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனே என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. வந்திருப்பேனா என்று உனக்குத்தான் தெரியும். கேட்பதற்கும் நீ இல்லை.

முகத்தில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். பெள்ளி நல்ல பையன், நம்பியதாகக் காட்டிக்கொண்டான்.

புதுப் பலகையும் பிளாஸ்டிக் குழாயும் போட்டாயிற்று. சின்ன மோட்டார் வைத்தால் சுவிட்சைத் தட்டினால் போதும் என்றான். வேண்டாம் என்றேன். அப்படியானால் புது மிதி பம்பைச் சிங்க்குக்கு அடியிலேயே வைக்கட்டுமா என்றான். கட்டிலோரம், அவள் வைத்த இடத்திலேயே வை என்றேன்.

"தனி ஆளுக்கு அங்க வெச்சா எப்படிங்ணா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் கட்டிலோரத்தைக் காலால் தட்டிக் காட்டினேன், அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைச் சிங்க்கில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் மிதித்தேன். தண்ணீர் தாராளமாகவே வந்தது. காலை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு ஓடினேன், நின்றுவிட்டது. திரும்பப் போய் மிதித்தேன், திரும்ப ஓடினேன். தொந்தியும் நானுமாக அந்தச் சின்ன வண்டிக்குள் அங்குமிங்கும் ஓடியதைப் பார்த்திருந்தால் நீ ஒரு மாசம் சொல்லிச் சிரித்திருப்பாய். கடைசியாக ஓடியபோது ஒரே ஒரு சொட்டு விரலில் விழுந்தது.

டம்ளரைக் கழுவாமலே வீட்டுக்குள் எடுத்து வந்துவிட்டேன். இதை எழுதுகிற மேசையில்தான் இருக்கிறது. அடியில் டீத்தூள் காய்ந்துகொண்டிருக்கிறது.