நரைத்த தலைக்கு வந்த பிள்ளை நோய்

மார்ச் 4

தம்பிக்கு,

வழக்கமாக நலம் கேட்டுத் தொடங்குவேன். இன்று உன் நலம் எனக்கு முக்கியமில்லை.

என் பேத்திக்குக் கக்குவான் இருமல். தடுப்பூசி போடும் வயதுகூட ஆகவில்லை. இருமுவதற்கும் தெம்பில்லை, மூச்சு நின்று உதடு நீலமாகிறது. என் மகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவர் முதலில் கேட்டது, "வீட்டுக்கு வந்தவங்கள்ல நாள்பட இருமறவங்க யாரு?" என்பதுதான். சிறுவயதில் போட்ட ஊசியின் காப்பு தேய்ந்துவிடுமாம். பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் இந்நோய் சர்வசாதாரணமாம். குழந்தைகளுக்கு வருவதுபோல் இருமலின் முடிவில் கூவும் ஓசை இராது; வெறும் இருமலாக வாரக்கணக்கில் நீளும்; எவரும் ஐயுறுவதில்லை. "சாக்பீஸ் தூசிண்ணா, பள்ளிக்கூடம் எனக்கு எழுதிவெச்ச சொத்து" என்று இருமிக்கொண்டே, இங்கே வந்திருந்தபோது நீ குழந்தையை முகத்தோடு அணைத்தாய்.

பரிசோதனை செய்துகொண்டாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆம். அங்கு வருவதற்கு முன்பே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கக்குவான் என்றார் டாக்டர். "நரைச்ச தலைக்குப் பால்குடிப் பிள்ளை நோயா? வேற யாரோட ரிப்போர்ட்டையோ பாக்கறீங்க" என்று சிரித்துவிட்டு, மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருமியபோதும், என்னைப் போல இருமிக் காட்டுகிறார்கள் என்று நினைத்து வெளியே நிற்கவைத்தேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். பாப்பா எப்படியிருக்கிறாள்? ஒரே ஒரு கெஞ்சல்: பள்ளிக்குத் தெரிய வேண்டாம். துணைத் தலைமையாசிரியர் பதவி வரும் நேரம். பாப்பாவின் அம்மாவிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

பேத்தி நேற்றுக் குழாயில்லாமல் மூச்சுவிட்டாள். பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். அது உன்னை மன்னிப்பதற்கான காரணமாகாது.

அறியாமல் செய்திருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். நீ அறிந்து வந்தாய். நீ வெளியே நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளிலும் கைக்குழந்தைகள் இருக்கலாம். அங்கே எவருக்கும் தெரியக்கூடாது. ஏனெனில் உனக்குப் பதவி வரவிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னையும் கூப்பிடுகிறாய்.

இன்று காலை உன் தலைமையாசிரியையை நேரில் சந்தித்தேன். இருமும் பிள்ளைகள் அனைவரின் பெற்றோருக்கும் மாலைக்குள் செய்தி போகிறது. உன் பெயரை நான் மறைக்கவில்லை.

என் மகளிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அது உன் வேலை. மாத்திரை முடிந்ததும் மருத்துவமனை வாசலுக்கு வா. அவளை அனுப்புகிறேன். சொல்லிவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் போ.

அண்ணன்