ஊர் பார்க்காத முகாமையாளருக்கு

இஞ்சாருங்கோ,

சனிக்கிழமை ஆட்டத்துக்கு மகனின் சப்பாத்தைத் தேடி நிலக்கீழ் அறைக்குப் போனேன். உங்கள் விளையாட்டுப் பையை நகர்த்தியதும் நீங்கள் முழங்காலுக்குப் பூசும் நோ எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே எங்கள் ரொம்மன் பகுதி முழுக்க வெயில். எனக்கென்ன வெயில்.

ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். அந்தச் சின்ன நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தில் நீங்கள் ஒருவர்தான் தமிழர். சம்பளம் இல்லை, ஆட்டம் முடிய ஒரு தட்டு உருளைக்கிழங்கும் சொசேச்சும். "பந்தை வடிவாய்க் குடுப்பியோ எண்டுதான் கேட்டவங்கள், எந்த ஊர் எண்டு கேக்கேல்லை" என்பீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று நான் சமையலறையிலிருந்து சத்தம் போடுவேன். இப்போது ஒருக்கால் சொல்ல மாட்டீர்களா?

என்னைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தீர்கள். முழங்கால் போனதும் எங்கள் ஊர்க் கழகத்துக்கு முகாமையாளர் ஆனீர்கள். இங்கே தமிழர் கழகங்கள் யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயரில்தானே, ஆட்டமும் அந்தந்த ஊராருக்குத்தான். கோடைச் சுற்றுப்போட்டிக்கு வேறு ஊர்க்காரரான அந்த பஸ் ஓட்டுநரைப் பந்துக்காப்பாளராக நிறுத்தினீர்கள். அந்த மனுசனின் கையால்தான் கிண்ணமே வந்தது. அடுத்த கிழமை கூட்டம் வைத்து, ஊர்ப் பெயரைக் கெடுத்தவர் என்று உங்களை விலக்கினார்கள். கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள், வெட்கங்கெட்டதுகள்.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தீர்கள்.

"குண்டுக்குப் பயந்து ஓடேக்கை ஆரும் ஊர் பாத்தவையே?"

அதைக் கேட்டதோடு சரி. மைதானப் பக்கமே பிறகு போகவில்லை. பனிக்காலம் முடியுமுன் நெஞ்சுவலி வந்தது. மருத்துவர் இதயம் என்றார். மனம் விட்டுப்போனது எனக்கல்லவா தெரியும். செத்த வீட்டுக்கு அதே நிர்வாகத்தார் மலர்வளையத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். அந்தப் பந்துக்காப்பாளர் கதவடியில் நின்று அழுதார்.

மகன் இப்போது அந்தக் கழகத்துக்குத்தான் விளையாடுகிறான். நான் தடுக்கவில்லை, அவனுக்கு உங்கள் கால். நேற்றுச் சாப்பிடும்போது, பக்கத்து வீட்டுச் சிநேகிதனையும் சேர்க்கலாமே, நன்றாக ஓடுவானே என்றேன். ஒஸ்லோவில் பிறந்து, ஊரைக் கண்ணாலும் காணாத பிள்ளை, தலை தூக்காமல் சொன்னான்.

"அவன் எங்கடை ஊரில்லை அம்மா."

நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். நானோ அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். உங்களைக் கொண்டுபோன அந்த ஊர் பார்க்கிற கதை இப்போது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நான்தான் சோறு போடுகிறேன்.