போர் ஒத்திகையில் நான் ஏறாத வண்டி

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் வணக்கத்தோடு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அத்தை, இன்று நான் ஒரு படையையே தோற்கடித்துவிட்டேன்! பயப்படாதீர்கள், எல்லாம் பொய்ச் சண்டை. போர் வந்தால் என்ன செய்வது என்று பெரிய அதிகாரிகள் இந்த முகாமில் ஒத்திகை பார்க்கிறார்கள். சமையற்கட்டில் வேலை செய்யும் எங்களை ஊர்மக்களாக நடிக்கச் சொன்னார்கள். துணி வெளுக்கிறவர் என் புருஷனாம். குண்டடிபட்டுத் தெருவில் செத்துக் கிடந்தார். நான் அழுதுவிட்டு, ஊர்மக்களை ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

என்னால் ஏற முடியவில்லை அத்தை. உங்கள் மகனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வர முடியாமல் இங்கே கிடந்தேனே, அதுதான் நெஞ்சுக்குள் வந்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் எங்கள் படை லாரியெல்லாம் வரிசையாக நின்றுவிட்டது.

"எந்திரிச்சுப் போம்மா, முதுகு சுடுது" என்று பிணம் முணுமுணுக்கிறது! அதற்குள் எதிரிப் படையாக நடித்தவர்கள், எங்கள் படை காக்க வேண்டிய பாலத்தைப் பிடித்து ஜெயித்துவிட்டார்கள்.

தளபதியே இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன செஞ்சா ஏறுவீங்கம்மா?" என்று கேட்டார்.

"இவரையும் ஏத்துங்கய்யா, ஏறுறேன்."

நாளை மறுபடி ஒத்திகை. செத்தவர்களுக்கும் ஒரு வண்டி வருமாம்! எல்லோரும் என்னைத் 'தளபதியம்மா' என்று கூப்பிடுகிறார்கள்.

அத்தை, உங்கள் மகனுடைய செல்போனை அணைத்துவிடாதீர்கள், சார்ஜ் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பருக்குக் கூப்பிடுவேன். நீங்கள் எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வரிசை கட்டிவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்